ஃபோர்க் சர்வீஸுக்குப் பின் டேம்பிங் சீராக இல்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயிலும் சீலும் மாற்றி மாட்டிய பைக்கின் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்), பிரேக் பிடித்ததும் பொதுக்கென்று இறங்குகிறது, பள்ளத்தில் இறங்கி ஏறியதும் துள்ளுகிறது, அல்லது பாதி வழியில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உடனே ஃபோர்க்கைத் திறந்து கூடுதலாக ஆயில் ஊற்றுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. ஆயில் மட்டம் உயர்ந்தால் அதற்கு மேலுள்ள காற்றறை சுருங்கும். அதனால் ஃபோர்க் இறக்கத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் விறைப்பாகும், சீல்களுக்கு அழுத்தம் ஏறும். டேம்பிங்கை, அதாவது ஃபோர்க் இறங்கி ஏறும் அசைவை மட்டுப்படுத்தும் எதிர்ப்பை, தீர்மானிப்பவை ஆயிலின் பாகுத்தன்மையும் அது கடந்து செல்லும் துளைகளும் வால்வுகளுமே ஆகையால், கோளாறு அப்படியேதான் இருக்கும்.

எதையும் கழற்றும் முன், வந்திருப்பது டேம்பிங் கோளாறா, வெறும் உராய்வா என்று பிரித்தறிய வேண்டும். டேம்பிங்கின் எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்தது. மிக மெதுவாக அழுத்தினால் அது ஏறக்குறைய மறைந்துவிடும். அப்படி அழுத்தும்போதும் ஃபோர்க் விக்கி விக்கி இறங்கினால் அது உராய்வு. சக்கரத்தை மாட்டும்போது ஆக்சிலையும் அதை இறுக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டையும் ஒரே மூச்சில் முறுக்கிவிடுவது இதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது. ஃபோர்க்கின் இரு கால்களான லெக்குகள் இணையாக நிற்காமல் இழுபட்டு, குழாய்கள் வழுக்கிச் செல்ல உதவும் புஷ்கள் உள் குழாயோடு உரசுகின்றன. ஆக்சிலை உரிய டார்க்கில் முறுக்கியபின் பிஞ்ச் போல்ட்டைத் தளர்வாக விட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கைச் சில முறை நன்றாக அழுத்திவிட்டால் லெக் தன் இடத்தில் தானே அமரும். அதன் பிறகே பிஞ்ச் போல்ட்டை இறுக்க வேண்டும்.

உராய்வு இல்லையென்றால் லெக்குகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆக்சிலும் மேல் கிளாம்புகளும் இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருப்பதால், ஓட்டும்போது கைக்குத் தெரிவது இரண்டின் கூட்டு விளைவுதான். எந்தப் பக்கம் பழுது என்பதை ஓட்டிப் பார்த்து முடிவுகட்டுவது வீண். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு லெக்கையும் செங்குத்தாக நிறுத்தி முழு நீளத்துக்கும் இழுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். இழுக்கத் தொடங்கியதும் சிறிது தூரம் எதிர்ப்பே இல்லாமல் வந்து, பிறகு திடீரென்று பிடித்தால் டேம்பிங் தரும் பகுதியான டேம்பருக்குள் காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள்.

இந்தக் காற்றை வெளியேற்றாமலேயே மட்டம் அளப்பதுதான், என் மதிப்பீட்டில், சர்வீஸில் நேரும் தவறுகளிலெல்லாம் முதன்மையானது. ஆயிலை ஊற்றியபின், எதிர்ப்பு முழு நீளத்துக்கும் ஒரே சீராக வரும்வரை மெதுவாகப் பம்ப் செய்ய வேண்டும். அவசரப்பட்டு வேகமாக அடித்தால் ஆயில் நுரைத்து, வெளியேறிய காற்றே மறுபடி உள்ளே போகும். குமிழிகள் மேலேறி அடங்கும்வரை லெக்கை அப்படியே நிறுத்திவைத்து, ஸ்பிரிங் இல்லாமல், லெக் முழுவதும் அழுந்திய நிலையில், குழாயின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் பரப்பு வரையுள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். இரண்டிலும் ஒரே மில்லிலிட்டர் ஊற்றினோம் என்று நம்பிவிடக் கூடாது. வடித்த பிறகும் பழைய ஆயில் ஒன்றில் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் தங்கியிருக்கலாம்.

டப்பாவில் 10W என்று அச்சிட்டிருப்பதாலேயே இரண்டு நிறுவனங்களின் ஆயில்கள் ஒன்றாகிவிடாது. 40 டிகிரி செல்சியஸில் அவற்றின் சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) மதிப்பு கணிசமாக வேறுபடக்கூடும் என்பதால், மிச்சமிருந்ததை ஒரு லெக்கிலும் புதிதாக வாங்கியதை மற்றதிலும் ஊற்றக் கூடாது. ஸ்பிரிங்கின் நெருக்கமான சுருள்கள் மேலேயா கீழேயா என்பதை மேனுவலைப் பார்த்து இரண்டிலும் ஒரே மாதிரி வைத்தால் போதும்.

எல்லா ஃபோர்க்கிலும் இரண்டு லெக்குகளும் ஒன்றுபோல இயங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. 2011 கவாசாகி கேஎக்ஸ்250எஃப்-இல் வந்த ஷோவா நிறுவனத்தின் எஸ்எஃப்எஃப் (Separate Function Fork) ஃபோர்க்கில் ஸ்பிரிங் ஒரு லெக்கிலும் டேம்பிங் மற்றதிலும் இருந்தன. வேறு சில ஃபோர்க்குகளில் கம்ப்ரெஷன் (அழுந்தும்போது வரும் டேம்பிங்) ஒரு பக்கமும் ரீபவுண்ட் (மீண்டு எழும்போது வரும் டேம்பிங்) மறுபக்கமும் அமைகின்றன. அவற்றில் வேறுபாடு தெரிவதே இயல்பு.

காற்றும் மட்டமும் ஆயிலும் சரியாக இருந்தும் ஒரு லெக் மட்டும் தளர்வாக இருந்தால், துளையிட்ட தண்டே டேம்பிங் தரும் சாதாரண டேம்பர் ராட் ஃபோர்க்கில் ராடின் தலையிலுள்ள பிஸ்டன் ரிங் தேய்ந்ததா, விடுபட்டதா என்று பார்க்க வேண்டும். வால்வுகள் தனிக் குழாய்க்குள் அடங்கிய கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கில் மூடிக்குக் கீழுள்ள லாக் நட்டைப் பார்க்க வேண்டும்: அது மேனுவல் சொல்லும் உயரத்தில் இல்லாவிட்டால் டேம்பிங்கைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரின் ஊசி தன் இருக்கையை எட்டாது, இருபுறமும் ஒரே கிளிக் வைத்தாலும் டேம்பிங் ஒத்துவராது. அட்ஜஸ்டரை முழுவதும் மூடித் திறந்தும் எதிர்ப்பில் மாற்றமே தெரியாத லெக்கில் முதலில் சோதிக்க வேண்டிய இடம் அந்த நட்டுதான்.