பின்நவீனத்துவம் படிக்க உங்கள் பாடத்திட்டத்தையும் கையில் எடுங்கள்

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் என்னைக் கேட்டார்: "பக்கத்துக்குப் பக்கம் பெருங்கதையாடல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றைச் சொல்லுங்கள், பார்ப்போம்." எனக்கு வார்த்தையே வரவில்லை. அறிவுக்கும் சமூகத்துக்கும் இதுதான் நோக்கம் என்று நியாயம் சொல்லும் பெரிய கதைதான் பெருங்கதையாடல்; அப்படிப்பட்ட கதைகளை நம்ப மறுக்கும் போக்குதான் பின்நவீனத்துவம். இப்போது நான் பாடம் நடத்துகிறேன். பின்நவீனத்துவத்தை எங்கே தொடங்குவது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

கட்டுடைப்பு என்ற வாசிப்பு முறையைத் தந்த பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவை இப்போதைக்கு ஓரமாக எடுத்து வையுங்கள். இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதியான லியோதாரின் 'பின்நவீன நிலை'யில் தொடங்குங்கள். 1979இல் வந்த சின்னப் புத்தகம். கனடாவில் கியூபெக் அரசின் பல்கலைக்கழகங்களுக்கான குழு கேட்டு எழுதிய அறிக்கை அது. அறிவின் நிலை பற்றி அரசுக் குழுவுக்கு எழுதிய அறிக்கையை இலக்கியக் கோட்பாடாக நினைத்துப் படித்து நான் இரண்டு வருடம் வீணடித்தேன்.

படிக்கும்போது ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்டால் எந்தக் கதையைச் சொல்கிறார்கள்? லியோதார் இரண்டு பெருங்கதையாடல்களைக் காட்டுகிறார். அறிவு மக்களை விடுதலை செய்யும் என்பது ஒன்று. பிரெஞ்சுப் புரட்சியின் வழி வந்தது. எல்லா அறிவும் சேர்ந்து ஒரு முழுமையாகும் என்பது இன்னொன்று; ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட்டின் கனவு, 1810இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகம் அதன் அடையாளம். இரண்டின் மேலும் நம்பிக்கை போய்விட்டது, அந்த நாற்காலியில் 'செயல்திறன்' வந்து உட்கார்ந்துவிட்டது என்கிறார். "இது உண்மையா?" என்ற கேள்வி போய், "இதனால் என்ன பயன்? விலை போகுமா?" என்பது வந்துவிட்டது.

சரி, இப்போது உங்கள் பாடத்திட்டத்தை எடுங்கள். 'கற்றல் விளைவுகள்' என்று ஒரு பகுதி இருக்கும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் எழுதுங்கள்: விடுதலை, முழுமை, செயல்திறன், எது? என் வகுப்பில் "விமர்சனச் சிந்தனையை வளர்த்தல்" என்ற வரிக்கு நான் 'விடுதலை' என்று போட்டேன். ஒரு மாணவி ஒப்புக்கொள்ளவில்லை. "வேலை கொடுப்பவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காகச் சேர்த்தது, சார். இது செயல்திறன்." ஒரு மணி நேரம் வாதாடினோம். அவர் பக்கம்தான் நியாயமோ என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ. 1975இல் வந்த 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் தேர்வு பற்றிய பக்கங்கள் மட்டும் போதும். தேர்வு ஒருவரை அளக்கிறது, தரவரிசையில் நிறுத்துகிறது, ஒரு கோப்பாக மாற்றுகிறது. மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், விளக்கவுரை தேவைப்படாது.

தெரிதாவை இதற்குப் பிறகு எடுக்கலாம். கட்டுடைப்பு என்றால் போட்டு உடைப்பது என்று நினைக்காதீர்கள். பிரதியை அதன் சொந்தச் சொற்களாலேயே வரி வரியாகச் சோதிக்கும் பொறுமையான வாசிப்பு அது.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. 1996இல் ஆலன் சோக்கல் என்ற இயற்பியலாளர் பின்நவீனக் கலைச்சொற்களை வைத்து வேண்டுமென்றே உளறிக்கொட்டிய கட்டுரையை 'சோஷியல் டெக்ஸ்ட்' என்ற பண்பாட்டு ஆய்வு இதழ் வெளியிட்டது. அதனால் லியோதார் பொய்யாகிவிடவில்லை. கலைச்சொல்லைக் கண்டால் மயங்குபவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். உங்கள் பத்தியிலிருந்து கலைச்சொற்களை அடித்துவிட்டுப் படியுங்கள். மிச்சம் ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பத்தியே வேண்டாம்.

கடைசியாக, "பெருங்கதையாடல்கள் முடிந்துவிட்டன என்பதே ஒரு பெருங்கதையாடல்தானே?" பலர் கேட்டுப் பழசான கேள்விதான், ஆனால் வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்பார்கள். அரைப் பக்கம் பதில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.