கருங்கழுகை அடையாளம் காண்பது எப்படி? நிறத்தை மறங்க, இறக்கையைப் பாருங்க

மேற்குத் தொடர்ச்சி மலையில் கருங்கழுகு கண்ணில் படுவது பெரிய விஷயமில்லை. பட்டது கருங்கழுகுதானா என்று சொல்வதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். காரணம் பெயரே. "கறுப்பா இருந்துச்சு, அதனால கருங்கழுகு" என்று எழுதிவிடுகிறோம். வெயிலுக்கு எதிரே பறந்தால் தேன் பருந்தும் கறுப்பு, பாம்புக் கழுகும் கறுப்பு.

எங்கே நிற்பது

காட்டுக்குள் நடந்தால் கிடைக்காது. தலைக்கு மேல் ஒரு நொடி நிழல் போகும், அவ்வளவுதான். சரிவைக் கீழே பார்க்கும் இடம் வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் 9-வது வளைவில் உள்ள லோம்ஸ் வியூ பாயிண்ட் போன்ற இடம் பொருத்தம். கோத்தகிரிப் பக்கம் கோடநாடு காட்சி முனையும் அப்படித்தான். இலங்கை மலைநாட்டிலும் இதே கணக்கு: கீழே அடர்ந்த காடு, எதிரே திறந்த பள்ளத்தாக்கு.

விடிகாலையில் ஓட வேண்டியதில்லை. வெயில் ஏறி, சரிவு சூடாகி, காற்று மேலெழும்பிய பிறகுதான் இது கிளம்பும். 9 முதல் 11 மணி நல்ல நேரம். மூடுபனி நாளென்றால் டீ குடித்துவிட்டு வாங்க.

பைனாகுலர்

8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10x வாங்கினால் பறவை பெரிதாகத் தெரியும், ஆனால் பார்வைப் பரப்பு குறுகி, கை நடுக்கமும் பெரிதாகும். மரத்தோடு ஒட்டிப் பறக்கும் பறவையை அதில் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த வளைவுக்குப் போயிருக்கும்.

இறக்கையைப் படிப்பது (இங்கே அவசரம் வேண்டாம்)

பருந்துகள் பலவற்றின் இறக்கை உடலோடு சேரும் இடத்திலேயே அகலமாக இருக்கும். கருங்கழுகுக்கு அந்த இடம் ஒடுங்கி, நடுவில் அகன்று, நுனியில் நீண்ட விரல்களாகப் பிரியும். அகப்பையை நினைத்துக்கொள்ளுங்க: காம்புப் பக்கம் குறுகல், முன்பக்கம் அகலம். பின் விளிம்பில் உடலை ஒட்டி ஓர் உள்வளைவு தெரிகிறதா என்று முதலில் பாருங்க.

அடுத்தது, பறவை நேராக நம்மை நோக்கி வரும்போது இறக்கைகள் ஆழமில்லாத V போல மேல்நோக்கி நிற்கும். தேன் பருந்து ஏறக்குறைய தட்டையாகப் பிடிக்கும். அதற்கு நீண்ட கழுத்தும் புறாவைப் போன்ற சிறு தலையும் உண்டு. ஆனால் V மட்டும் வைத்து முடிவெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள், கொண்டைப் பாம்புக் கழுகும் V போடும். அதைப் பிரிக்க இறக்கையின் அடியைப் பாருங்க: பின் விளிம்பை ஒட்டி அகலமான வெள்ளைப் பட்டை ஓடினால் பாம்புக் கழுகு. வட்டமிட்டபடி விடாமல் கத்தினாலும் பெரும்பாலும் அதுதான். கருங்கழுகு பொதுவாக வாய் திறக்காது.

மூன்றாவது, வேகம். இறக்கை அடிக்காமல், மர உச்சிகளை உரசுவதுபோல மெல்ல மிதந்து போகும். இது அலங்காரத்துக்கு இல்லை. இதன் தீனியில் பறவைக் கூடுகளிலுள்ள முட்டையும் குஞ்சும் முக்கியம். கிளைகளுக்கிடையே கூடு தேட மெதுவாகத்தான் பறக்க வேண்டும். அதற்கு வாகாக, உடல் எடைக்கு மிகப் பெரிய இறக்கை. நகங்களும் அதிகம் வளையாமல் நீளமாக இருக்கும். சில சமயம் கூட்டையே பெயர்த்துத் தூக்கிப் போய்விடும். மலையணிலும் தப்பாது. ஆகவே கரிச்சான்கள் கூட்டமாகத் துரத்தினாலோ, மலையணில் திடீரெனக் கத்தினாலோ உடனே அந்த மர உச்சிக்கு மேலே பாருங்க.

வெளிச்சம் நன்றாக இருந்தால் மட்டும்: மஞ்சள் அலகடி (அலகு முகத்தோடு சேரும் பகுதி), மஞ்சள் கால், நீள வாலில் மங்கலான சாம்பல் பட்டைகள். உட்கார்ந்திருந்தால் இறக்கை நுனி வால் நுனியைத் தொடும்.

படம் எடுப்பவர்களுக்கு

வானம் பின்னணியென்றால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 முதல் +1.7 வரை ஏற்றுங்க, இல்லாவிட்டால் வெறும் நிழலுருதான் மிஞ்சும். கீழே காட்டின் மேல் பறக்கும்போது தலைகீழ்: இருண்ட பச்சையைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கறுப்புப் பறவை பழுப்பாகிவிடும். −0.7 வையுங்க. பறவை வானிலிருந்து சரிவுக்கு இறங்கும்போது இதை மாற்ற மறப்பதால்தான் பல படங்கள் வீணாகின்றன.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளிடம் நிழலுருவைக் கொடுத்துத் தீர்ப்பு கேட்காதீர்கள். சந்தேகமென்றால் பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் "கழுகு, இனம் தெரியவில்லை" என்ற வகையில் பதியலாம். தப்பான பெயரைவிட அது மேல்.

பிறகு சேர்த்தது

"பழுப்பு நிறம், வயிற்றில் வெளிர் கோடுகள், ஆனால் இறக்கை நீங்கள் சொன்ன மாதிரி" என்று கேட்டவர்களுக்கு: அது இளம் கருங்கழுகு. நிறத்தை நம்பாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறக்கையை மடக்கிச் செங்குத்தாகப் பாய்ந்து, U போல வளைந்து மேலேறுகிறது என்றால் அது வேட்டையல்ல, இணைசேரும் காலத்து விளையாட்டு. தென்னிந்தியாவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கூடு காலம். உயரமான மரத்தில் கட்டி ஒன்றோ இரண்டோ முட்டை இடும். கூடு கண்ணில் பட்டால் கிட்டே போகாதீர்கள், பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். பதிவில் மலையின் பெயர் போதும். ஜிபிஎஸ் புள்ளி வேண்டாம், படத்தைப் பகிரும் முன் அதிலுள்ள இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்க.