கண்ணாடிய கழட்டணும்னு எக்ஸர்சைஸ் பண்றவங்களுக்கு

முதல்லயே சொல்லிடுறேன், கிட்டப்பார்வைங்கிறது (தூரத்துல இருக்கறது மங்கலா தெரியறது) பெரும்பாலும் கண்ணுமுழி கொஞ்சம் நீளமாகி, ஒளி விழித்திரைக்கு முன்னாடியே குவியறதால வருது, அந்த நீளத்த எந்த எக்ஸர்சைஸும் குறைக்காது, அதனால பவர் குறையும்னு நம்பி கண்ணாடிய கழட்டி வைக்காதீங்க ப்ளீஸ்.

ஆனா கண்ணு சோர்வு, எரிச்சல், அதுக்கு நிறைய செய்யலாம். ஸ்க்ரீன் பாக்குறப்ப 20 நிமிஷத்துக்கு ஒருதடவ 20 அடி தூரத்துல இருக்கறத 20 செகண்ட் பாருங்க. இதவிட முக்கியம் கண்ண சிமிட்டறது, ஸ்க்ரீன்ல மூழ்கிட்டா சிமிட்டறது ரொம்ப கொறஞ்சு போகும், கண்ணு காயுறதே அதனாலதான், அதனால அப்பப்போ நிதானமா முழுசா மூடித் திறங்க. பென்சில மூக்குகிட்ட கொண்டுவர்ற பயிற்சி ரெண்டு கண்ணும் கிட்டத்துல ஒண்ணா சேராத பிரச்சனைக்குத்தான், எல்லாருக்கும் இல்ல. சூரியன நேரா பாக்கற பயிற்சி மட்டும் வேணவே வேணாம், விழித்திரை கருகிடும்.

சாப்பாட்டுல கேரட், கீரை, முட்டை மஞ்சள்கரு, மீன் சேத்துக்கோங்க. வைட்டமின் ஏ கொறைஞ்சு வர்ற மாலைக்கண்ணுக்கு இது உதவும், கீரைய கொஞ்சம் எண்ணெய் விட்டு சமைச்சாதான் சத்து நல்லா உடம்புல சேரும். ஆனா சத்து ஏற்கனவே போதுமான அளவு இருந்தா எவ்ளோ கேரட் தின்னாலும் பவர் மாறாது.

குழந்தைங்கள தினமும் 2 மணி நேரமாவது வெளிய வெளிச்சத்துல விளையாட விடுங்க, கிட்டப்பார்வை வர்ற வாய்ப்பு குறையும்.

திடீர்னு மின்னல் மாதிரி வெளிச்சம், கரும்புள்ளி, திரை விழுந்த மாதிரி தெரிஞ்சா அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட ஓடுங்க.