ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவு? கறுப்புத் தட்டை வைத்து அளக்கலாம்

தண்ணீரின் தெளிவை அளக்க வேண்டும் என்றால் எல்லாரும் சொல்வது செக்கி தட்டு: கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்கும் வெள்ளைத் தட்டு, 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கப்பலிலிருந்து கடலுக்குள் இறக்கிப் பார்த்தது. கடலுக்கும் ஏரிக்கும் சரி. ஆற்றில் ஓட்டம் தட்டை இழுக்கும், கயிறு சாயும், அதையும் மீறி இறக்கினால் தட்டு மறையும் முன்பே தரை தட்டிவிடும். கோடையில் பாபநாசம் பக்கம் தாமிரபரணியில் இறங்கியவர்களுக்கு இது தெரியும்.

அதனால் கீழே பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். நியூசிலாந்து நீர் ஆய்வாளர் டேவிஸ்-கோலி 1988-ல் எழுதிய முறை இது. பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் அடித்த வட்டத் தட்டு வேண்டும்: ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு மேலும் தட்டு தெரிந்தால் 20 செ.மீ. அகலம், அரை மீட்டர் முதல் ஒன்றரை வரை 6 செ.மீ., அதற்கும் கீழே 2 செ.மீ. அப்புறம், மேலே நின்றபடி தண்ணீருக்குள் பக்கவாட்டில் பார்க்க ஒரு குழாய். பிவிசி பைப்பில் ஒரு எல்போ மாட்டி, வளைவில் 45 டிகிரியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒட்டி, தண்ணீருக்குள் இருக்கும் வாயைத் தெளிவான அக்ரிலிக் துண்டால் மூடி சிலிகான் பூசினால் போதும் (சிலிகான் காய ஒரு நாள் விடுங்கள், அவசரப்பட்டால் குழாய்க்குள் தண்ணீர்தான் தெரியும்).

தட்டைக் கம்பில் கட்டி ஆற்றில் ஊன்றி, டேப்பின் ஒரு முனையை அதில் மாட்டுங்கள். நீங்கள் நிற்க வேண்டியது தட்டுக்குக் கீழ்ப்பக்கம், ஓட்டம் போகும் திசையில். மேல்பக்கம் நின்றால் உங்கள் கால் கிளப்பும் சேறு முழுக்கத் தட்டுக்கு முன்னால் வந்து நிற்கும், நீங்கள் அளப்பது ஆற்றை அல்ல, உங்கள் காலை. கம்பு ஊன்றியபோது கிளம்பிய கலங்கலும் போகட்டும், கொஞ்சம் பொறுங்கள். குழாய் வழியே பார்த்தபடி பின்னால் நகருங்கள், தட்டு மறையும் தூரத்தைக் குறியுங்கள், திரும்ப முன்னால் வந்து அது தெரியத் தொடங்கும் தூரத்தையும் குறித்து இரண்டுக்கும் சராசரி எடுங்கள். உங்கள் நிழல் பார்வைப் பாதையில் விழக்கூடாது. தனியாகப் போகாதீர்கள், இடுப்புக்கு மேல் இறங்காதீர்கள், அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

4.8-ஐ இந்தத் தூரத்தால் (மீட்டரில்) வகுத்தால் ஒளி ஒரு மீட்டருக்கு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்ற கெழு வரும். 1.2 மீட்டர் என்றால் 4. நியூசிலாந்தில் குளிக்கும் இடங்களுக்கு 1.6 மீட்டராவது தெரிய வேண்டும் என்று வழிகாட்டுதலே இருக்கிறது.

ஐப்பசி மழையில் ஆறு செம்மண்ணாய் வரும்போது இறங்கவே வேண்டாம். வாளியில் மொண்டு வந்து கலங்கல்மானியில் வையுங்கள். தண்ணீருக்குள் பாய்ச்சும் ஒளியில் எவ்வளவு செங்குத்தாகச் சிதறுகிறது என்பதை அது என்டியு (NTU) என்ற கலங்கல் அலகில் சொல்லும்.

ஆனால் கலங்கல் வேறு, நிறம் வேறு. இலைதழை ஊறிய தண்ணீர் கலங்காமலே டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும், கலங்கல்மானிக்கு அது சரியாகப் பிடிபடாது. அதற்கு 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நிறமாலைமானியில் (ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்) 440 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கு உட்கவர்ச்சியை, அதாவது தண்ணீர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதைப் பாருங்கள். காய்ச்சி வடித்த நீரைச் சுழியமாக வைத்துக்கொள்ளுங்கள். வந்த எண்ணை 2.303-ஆல் பெருக்கி, கருவிக்குள் தண்ணீர் வைக்கும் குவளையின் நீளத்தால் (மீட்டரில்) வகுத்தால் நிறத்தின் அளவு வரும். 10 செ.மீ. குவளையில் 0.02 வந்தால் மீட்டருக்கு 0.46. கல்லூரி ஆய்வகங்களில் இருப்பது பெரும்பாலும் 1 செ.மீ. குவளைதான், அதில் தெளிந்த ஆற்று நீருக்கு வரும் எண் கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும், நீளமானதைக் கேட்டு வாங்குங்கள்.