குரோமியம் படிந்த நிலத்தில் வெட்டிவேர்: மண் மாதிரி முதல் தோகை அறுப்பு வரை

ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றை ஒட்டி எங்கள் குடும்பத்துக்குப் பன்னிரண்டு சென்ட் நிலம் இருக்கிறது. தோல் பதனிட்ட, குரோமியம் என்னும் உலோகம் சேர்ந்த கழிவுநீர் கலந்த வாய்க்கால் அதன் மேற்கு வரப்பை ஒட்டி நெடுங்காலம் ஓடியது. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றி 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது என்ற ஆய்வுக் கணக்கு எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட நிலம் வைத்திருப்பவர்கள் செடிகளைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதை, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நடுவதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். செடியைக் கொண்டு உலோகத்தை உறிஞ்சி வெளியே எடுப்பது ஒரு வேலை. உலோகம் தூசியாகப் பறக்காமலும் மழைநீரில் அரித்துச் செல்லாமலும் வேரால் மண்ணைக் கட்டிப்போடுவது வேறு வேலை. கடுகு விதைத்தால் நிலம் சுத்தமாகிவிடும் என்று படித்துவிட்டு முதல் ஆண்டு நானும் கடுகுதான் விதைத்தேன். அதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர், 20 செ.மீ. ஆழத்துக்கு அதன் மண் ஏறத்தாழ 10,500 கிலோ. கிலோவுக்கு 300 மி.கி. குரோமியம் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதை 100 ஆகக் குறைக்க 2.1 கிலோ குரோமியத்தை வெளியே எடுத்தாக வேண்டும். ஒரு சென்ட்டில் 20 கிலோ உலர்ந்த கடுகுச்செடி கிடைத்து, அதில் கிலோவுக்கு 50 மி.கி. குரோமியம் ஏறியிருந்தாலும், ஒரு போகத்தில் வெளியேறுவது ஒரே ஒரு கிராம். அதாவது 2,100 போகம்.

செடியால் உலோகத்தை எடுக்கவே முடியாது என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில், செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மரப்பாதுகாப்பு மருந்தால் கெட்டுப்போன இடத்தில் வளர்ந்த டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி, ஆர்சனிக்கைத் தன் இலைகளில் மிகப் பெரிய அளவில் சேர்த்து வைப்பதை 2001-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் அது ஆர்சனிக்குக்கான செடி. குரோமியத்தைப் பெரும்பாலான செடிகள் வேரிலேயே நிறுத்திவிடுகின்றன. தண்டுக்கு ஏறுவது சொற்பம். ஆகவே எங்கள் பகுதிக்கு ஏற்றது கட்டிப்போடும் வேலைதான், அதற்கு என் தேர்வு வெட்டிவேர். உப்பையும் அது தாங்கும். தோல் கழிவுநீர் பாய்ந்த நிலத்தில் உப்பு இல்லாமல் இருக்காது.

அடுத்தது மண் மாதிரி. இந்த இடத்தில் ஓர் ஆண்டை இழந்தேன் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். வழக்கமான மண் பரிசோதனையில் குரோமியம் வராது. ஆய்வகத்தில் தனியே கேட்க வேண்டும். கேட்கும்போது மொத்த குரோமியம், குரோமியம்-6 என்று இரண்டையும் கேளுங்கள். ஒரே உலோகத்தின் இரு வடிவங்கள் குரோமியம்-3, குரோமியம்-6. தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம்-3. அது நீரில் எளிதில் கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். குரோமியம்-6 நீரில் கரைந்து கிணற்றுக்கு இறங்கும், புற்றுநோயும் உண்டாக்கும். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் முன்னதில் ஒரு பங்கைப் பின்னதாக மாற்றவும் கூடும்.

உரப் பரிசோதனைக்குச் செய்வதுபோல மண்ணை நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, பொடித்து, துணிப்பையில் கட்டிக் கொடுத்தேன். மொத்த குரோமியத்துக்கு அது சரி. குரோமியம்-6 பார்க்கும் மண்ணை உலர்த்தவே கூடாது. உலரும்போது அதன் வடிவம் மாறிவிடலாம். தோண்டிய ஈரத்தோடு காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். இரண்டாவது தவறு, மறு ஆண்டு வேறு இடங்களில் மண் எடுத்தது. வாய்க்காலுக்குப் பத்தடி தள்ளித் தோண்டினாலே எண் குறைந்துவிடுகிறது. அதைக் கடுகின் பலன் என்று நம்பிவிட்டேன். இப்போது பதினைந்து இடங்களில் முளைக்குச்சி அடித்து, ஒவ்வோர் ஆண்டும் அதனதன் அருகிலேயே எடுக்கிறேன். மேல் 15 செ.மீ. தனி, அடுத்த 15 செ.மீ. தனி. துத்தநாகம் பூசிய வாளியும் குரோமியம் முலாம் பூசிய கருவியும் வேண்டாம். பிளாஸ்டிக் வாளியும் மரக்கரண்டியும் போதும்.

நடவு எளிது. தென்னிந்திய வெட்டிவேர் பெரும்பாலும் முளைக்கும் விதை கட்டாது. எனவே தூர் பிரித்த நாற்றாக வாங்குங்கள். கடலூர்ப் பக்கம் வெட்டிவேர் சாகுபடியே நடக்கிறது. இலையை ஒரு சாண் அளவும் வேரை நான்கு விரற்கடை அளவும் விட்டு நறுக்கி, சாணிக் கரைசலில் நனைத்து, இரண்டு மூன்று சிம்பாகச் சேர்த்து, அரை அடி இடைவெளியில் சரிவுக்குக் குறுக்காக நட வேண்டும். வாய்க்கால் வரப்பில் இரட்டை வரிசை. ஐப்பசி மழைக்குச் சற்று முன் நட்டால் தண்ணீர்ச் செலவு குறையும்.

மக்கிய தொழுவுரத்தைத் தாராளமாகப் போடுங்கள். அங்ககப் பொருள் குரோமியம்-6-ஐக் குரோமியம்-3 ஆக மாற்ற உதவும். சுண்ணாம்பு போடாதீர்கள். ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் பலன் தரும் சுண்ணாம்பு, மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, குரோமியம்-6 மேலும் எளிதில் நகர வழி செய்துவிடும். உறிஞ்சுதலைக் கூட்ட, மண்ணில் ஒட்டிய உலோகத்தைக் கரைத்துவிடும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை ஊற்றச் சொல்பவர்களையும் கேட்காதீர்கள். செடி எடுக்காமல் விட்ட மிச்சம் நிலத்தடி நீருக்குத்தான் போகும், பக்கத்துக் கிணற்றில் குழந்தைகள் குடிக்கிறார்கள்.

தோகை இடுப்பளவு வளர்ந்ததும் முழங்கால் உயரத்துக்கு அறுத்து, அதே நிலத்தில் மூடாக்காகப் பரப்பிவிடுகிறேன். எரிக்கக் கூடாது, எரியும்போது குரோமியம்-3 சாம்பலில் குரோமியம்-6 ஆகலாம். பரிசோதிக்காமல் மாட்டுக்கும் போடக் கூடாது. இந்த நிலத்தில் கீரையோ கிழங்கோ வைப்பதில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர், மூன்றாம் ஆண்டு வேரைத் தோண்டித் தைலத்துக்கு விற்கலாமா என்று கேட்டிருந்தார்கள். விற்கக் கூடாது. குரோமியம் தங்கியிருப்பதே அந்த வேரில்தான். நம் வீடுகளில் வெட்டிவேரைக் குடிநீர்ப் பானையில் போடும் வழக்கம் இருக்கிறது. தோண்டினால் கட்டிப்போட்ட மண்ணும் அவிழ்ந்துவிடும். நாற்றுக்காகத் தூர் பிரிப்பதானால்கூட அந்த வரப்பில் விட்டுப்போன இடைவெளிகளை நிரப்ப மட்டும் பயன்படுத்துங்கள். வேறு தோட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.