மாடி மழைநீரைக் குடிக்கவும் சமைக்கவும் சேமிப்பது எப்படி

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட பிறகு, பெரும்பாலான வீடுகளில் மாடித் தண்ணீர் ஓர் உறிஞ்சுகுழிக்குள் இறக்கப்படுகிறது. நிலத்தடி நீருக்கு அது மிகவும் நல்லது. ஆனால் மண்ணுக்குள் போன நீர், அந்த மண்ணின் உப்பையும் கடினத்தன்மையையும் ஏற்றுக்கொண்டுதான் ஆழ்துளைக் கிணற்றின் வழியாக நம்மிடம் திரும்பி வருகிறது. மாடியிலிருந்து நேரே தொட்டிக்கு வரும் நீரோ பருப்பு விரைவில் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும் மென்னீர். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றியுள்ள ஓட்டுச் சரிவிலிருந்து விழும் மழையை அண்டாக்களில் பிடித்துப் புழங்கிய வழக்கம் உண்டு. அதையே இன்றைய கான்கிரீட் வீட்டில் எப்படிச் செய்வது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 1,000 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதில் 10 மி.மீ. மழை பெய்தால் 930 லிட்டர் விழும். தளம் உறிஞ்சுவதும் சிதறுவதும் போக 750 லிட்டராவது கைக்கு வரும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை பெய்வதால், இத்தகைய ஒரு மாடியிலிருந்து ஆண்டில் ஒரு லட்சம் லிட்டர் வரை கிடைக்கக்கூடும். இந்த எண்ணைக் கண்டு மலைத்து, அவ்வளவுக்கும் தொட்டி கட்ட வேண்டுமோ என்று பின்வாங்கத் தேவையில்லை. நால்வர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், மழையே இல்லாத ஆறு மாதத்துக்கு 3,600 லிட்டர் போதும். ஆகவே 5,000 லிட்டர் தொட்டி ஒன்று தாராளமானது. மிஞ்சும் நீரைக் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ அனுப்பிவிடலாம்.

நீரின் தரம் மாடியிலேயே முடிவாகிவிடுகிறது என்பதே இந்த வேலையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி. காக்கை எச்சமும், வேப்பிலைச் சருகும், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் முளைத்த அரசங்கன்றும் அப்படியே கிடக்கும் மாடியிலிருந்து இறங்கும் நீரை எவ்வளவு நல்ல வடிகட்டியாலும் முழுமையாகத் திருத்த முடியாது. செப்டம்பர் இறுதியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, தளத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, நீர் தேங்கும் பள்ளங்கள் இருந்தால் கொத்தனாரைக் கொண்டு வாட்டம் சரிசெய்துகொள்ள வேண்டும். செல்லப் பிராணிகள் உலவும் மாடியும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் குடிநீருக்கு வேண்டாம். வெயிலைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்திருந்தால், அது குடிநீர் படும் இடங்களுக்கு ஏற்றதா என்று தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்த பிறகே அந்த மாடி நீரைக் குடிக்கப் பயன்படுத்தலாம். குழாய் வாயில் சருகு நுழையாதபடி வலைமூடி அவசியம். 400 முதல் 500 சதுர அடிக்கு ஒரு 4 அங்குல பிவிசி குழாய் என்ற அளவில் இறக்கினால் கனமழையிலும் மாடியில் நீர் தேங்காது.

முதல் மழை தூசியையும் எச்சத்தையும் கழுவிக்கொண்டு வருவதால் அதைத் தொட்டிக்குள் விடக் கூடாது. மேலே சொன்ன மாடிக்கு, முதல் ஒரு மில்லிமீட்டர் என்பது 93 லிட்டர். எனவே இறங்குகுழாயில் ஒரு ‘டி’ இணைப்பு வைத்து, அதன் கீழே 100 லிட்டர் மூடிய டிரம் ஒன்றைப் பொருத்தினால், டிரம் நிரம்பிய பிறகே நீர் வடிகட்டிப் பக்கம் திரும்பும். டிரம்மின் அடியில் உள்ள குழாயைச் சொட்டுச் சொட்டாகக் கசியும்படி திறந்து வைத்தால், அடுத்த மழைக்குள் அது தானே காலியாகிவிடும்.

வடிகட்டிக்கு மூன்றடி ஆழமுள்ள சிறு தொட்டி போதும். அடியில் 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் சிறிய கூழாங்கல், பிறகு மரக்கரி, மேலே கழுவிய பருமணல் என்று அடுக்கி, அடுக்குகளுக்கு இடையே நைலான் வலை விரிக்க வேண்டும். மணல் மெதுவாகத்தான் நீரை விடும் என்பதால், பெருமழையில் பொங்கும் நீர் வெளியேற இதற்கும் ஓர் உபரிக்குழாய் வேண்டும். வடிகட்டி கசடை நிறுத்துமே தவிரக் கிருமிகளைக் கொல்லாது.

தொட்டியைப் பொறுத்தவரை, மாநகராட்சி நீரோ லாரி நீரோ வரும் சம்ப்புடன் இதைக் கலக்காமல் தனியாக வைப்பதே நல்லது. தரைக்கடியில் கட்டுவதானால் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து இயன்றவரை விலக்கி, மூடியின் விளிம்பைத் தரைமட்டத்துக்கு மேல் ஓரடியாவது உயர்த்திக் கட்ட வேண்டும்; 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பல வீடுகளின் சம்ப்புகளுக்குள் சாக்கடை கலந்த நீர் புகுந்ததை நினைத்தால் இந்த ஓரடியின் அருமை விளங்கும். இடம் இருந்தால் தரைமேல் வைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி எனக்கு மேலும் உகந்ததாகப் படுகிறது, ஏனெனில் கசிவு கண்ணுக்குத் தெரியும், வெளிச்சம் புகாததால் பாசியும் பிடிக்காது. உள்ளே வரும் குழாயை அடிவரை இறக்கி, முனையை மேல்நோக்கித் திருப்பிவிட்டால் அடியில் படிந்த வண்டல் கலங்காது. நீரெடுக்கும் குழாயை அடிமட்டத்திலிருந்து அரையடி உயர்த்தியே பொருத்த வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது என்பதால், உபரிக்குழாய், காற்றுக்குழாய் இரண்டின் வாயிலும் கொசுவலையை இறுக்கிக் கட்ட மறக்கலாகாது.

தொட்டி நிரம்பியதும் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற அளவில், அண்மையில் பிரித்த பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு படிந்த பின் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்கி, குறைந்தது அரைமணி நேரம் விட வேண்டும். அப்படியிருந்தும் குடிக்கும் நீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைப்பதே பாதுகாப்பு.

டிசம்பரில் மழை ஓயும் தறுவாயில் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, மருந்திட்டு, உள்வரும் வால்வை மூடிவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் எப்போதாவது பெய்யும் கோடைமழை மாதக்கணக்கில் சேர்ந்த புழுதியோடு இறங்குவதால், அதைத் தொட்டிக்குத் திருப்பாமல் உறிஞ்சுகுழிக்கே அனுப்புங்கள்.