காக்டெய்லுக்கு ஒரு தட்டுப் புல்

கூண்டில் இருக்கிற காக்டெய்லுக்கு (cockatiel, கொண்டை வைத்த சின்னக் கிளி இனம்) கிண்ணம் நிறைய விதை வைத்தால் காலையிலேயே கொறித்து முடித்துவிடும், அப்புறம் பகல் முழுக்க அதற்கு வேலையே இல்லை. ஓயாமல் கத்துவது, கம்பியைக் கடிப்பது, சில பறவைகள் தன் இறகைத் தானே பிடுங்குவது எல்லாம் பெரும்பாலும் இந்தச் சும்மா இருப்பதில்தான் தொடங்குகின்றன. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் இதே பறவை கூட்டமாகத் தரையில் இறங்கி, நடந்து நடந்து புல் விதை பொறுக்கித் தின்கிற வகை. அதனால் உயரத்தில் தொங்குகிற கலர் பொம்மைகளை விட, காலடியில் ஒரு தட்டுப் புல் இருந்தால் என்ன செய்வது என்று அதற்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

ஆனால் பறவையைப் புல்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். புல்லைத்தான் பறவையிடம் கொண்டுவர வேண்டும். கூண்டைத் தூக்கிப் போய்ப் பூங்காவிலோ வாசல் புல்தரையிலோ வைத்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் புல்லில் எப்போது களைக்கொல்லி அடித்தார்கள், கொசு மருந்துப் புகை எப்போது போனது, எந்த நாய் எங்கே காலைத் தூக்கியது என்று யாருக்கும் தெரியாது. புறாவும் காக்காவும் எச்சம் போடுகிற தரையிலிருந்து குடல் புழுவும் கிருமியும் வரும். எறும்பு வேறு. பூனையோ வல்லூறோ கிட்டே வந்தால் போதும், காக்டெய்ல் பதறி அடித்துக்கொண்டு கம்பியில் மோதும். சிறகு வெட்டியிருக்கிறது, பறக்காது என்ற தைரியமும் வேண்டாம். நல்ல காற்றடித்தால் வெட்டிய சிறகோடும் எதிர்வீட்டு மாடி தாண்டிப் போய்விடும்.

கோயில் வாசலில் கட்டுக் கட்டாக விற்கிற அருகம்புல்லுக்கும் இதே கணக்குதான். எந்த வரப்பில் பிடுங்கியது என்று விற்கிறவருக்கே தெரியாது. கழுவிக் கொடுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். மண்ணும் எச்சமும் கழுவினால் போகலாம், செடிக்குள் இறங்கிய மருந்து போகாது.

சரி, வீட்டிலேயே வளர்க்கலாம், சுலபம்தான். கோதுமை, கம்பு, கேழ்வரகு, தினை இந்த நாலில் எது கிடைத்தாலும் போதும், எல்லாமே புல் இனம். கோதுமை வேகமாக வளரும், முதல் தடவைக்கு அதையே எடுங்கள். மளிகைக் கடையில் தினை கேட்டால் பெரும்பாலும் உமி நீக்கிய தினை அரிசியைத்தான் கொடுப்பார்கள், அது முளைக்காது, உமியோடு இருப்பது வேண்டும். பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும். ஒரு ஸ்பூன் எடுத்து ஈரத் துணியில் கட்டிப் பாருங்கள், பாதிகூட முளைக்கவில்லை என்றால் அது பழைய சரக்கு, தின்னக் கொடுக்கவும் லாயக்கில்லை. விவசாயிகள் விதைப்பதற்கு வாங்குகிற விதை மட்டும் கூடவே கூடாது. சிவப்பு, ரோஸ், பச்சை என்று சாயம் ஏறியிருக்கும், பூஞ்சாணக் கொல்லி கலந்து நேர்த்தி செய்த விதை அது.

சோளத்தையும் முளைக்க விடாதீர்கள். சோள மணியைத் தீனியாகக் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் இளம் சோளப் பயிரில் சயனைடு வகை நஞ்சு இருக்கும். அதனால்தான் சோளக் கொல்லையில் பயிர் இளசாக இருக்கும்போது மாட்டை உள்ளே விடமாட்டார்கள். மாட்டுக்கே அப்படி என்றால், 90 கிராம் சுமார் எடை உள்ள பறவைக்குச் சொல்லவே வேண்டாம்.

வளர்க்க மண் தேவையில்லை. தோட்டத்து மண்ணில் புழு முட்டையும் உரமும் இருக்கலாம், கடையில் விற்கிற கலவையில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் கிடக்கும், அதையும் கொத்தித் தின்னப் பார்க்கும். வீட்டில் இருக்கிற எவர்சில்வர் வடிதட்டோ, அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய தகரத் தட்டு வேண்டாம், துத்தநாகம் கிளி இனத்துக்கு விஷம். தட்டில் அச்சடிக்காத டிஷ்யூ பேப்பரை இரண்டு மூன்று மடிப்பாக விரியுங்கள். துணி போட்டால் பறவை நூலை உருவும், அது கால் விரலில் சுற்றிக்கொள்ளும் அல்லது தொண்டைப் பைக்குள் போகும். விதையை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் நன்றாக அலசி, ஒன்றோடொன்று ஒட்டுகிற மாதிரி நெருக்கமாகப் பரப்பிவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வடியவிட்டால் போதும். தண்ணீர் தேங்கக் கூடாது. காலை வெயில் கொஞ்சம் படட்டும், நல்ல காற்று வேண்டும். நம் ஊர் வெக்கையில் கோதுமை ஒரு வாரம் பத்து நாளில் விரல் நீளத்துக்கு மேல் வந்துவிடும், வேரெல்லாம் பின்னிக்கொண்டு பாய் மாதிரி அப்படியே தூக்க வரும்.

இதில் உண்மையான எதிரி பூஞ்சைதான். மழைக்காலத்தில், அதுவும் கடற்கரை ஊர்களில், மூன்றாம் நாளே வந்துவிடும். வேரில் தெரிகிற மெல்லிய வெள்ளை முடி பூஞ்சை அல்ல, தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்துவிடும். விதைகளுக்கு நடுவே சிலந்தி வலை மாதிரி படர்ந்து, சாம்பலோ கருப்போ தட்டி, புளித்த வாடை அடித்தால் மொத்தத் தட்டையும் தூக்கிப் போடுங்கள். மேல் புல்லை மட்டும் நறுக்கிக் கொடுக்கலாமே என்று சிக்கனம் பார்க்காதீர்கள், பூஞ்சைத் துகள் பறவையின் மூச்சுப் பைகளுக்குள் போனால் வைத்தியம் பார்ப்பது பெரும்பாடு. இதே காரணத்துக்காகத்தான் வைக்கோலும் வேண்டாம் என்கிறேன்.

தட்டைக் கூண்டின் தரையில், உட்காரும் குச்சிக்கு நேர் கீழே இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் எச்சத் தட்டாகிவிடும். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய விதையில் ஒரு பகுதியை எடுத்துப் புல்லுக்குள் தூவுங்கள். கூடுதலாகத் தூவினால் குண்டாகும், அதிலும் சூரியகாந்தி விதை இருந்தால் அதை மட்டும் பொறுக்கித் தின்னும். முதலில் மேலாகத் தெரிகிற மாதிரி, பழகிய பிறகு வேரடிக்குள் ஒளித்து. தினைக் கதிர் கிடைத்தால் ஒரு துண்டை நட்டுவையுங்கள், தினைப்புனத்தில் பரண் கட்டிக் கிளி ஓட்டுகிற பெண்கள் சங்கப் பாட்டில் வந்துகொண்டே இருப்பார்கள், கிளி இனத்துக்கும் தினைக்கும் உள்ள உறவுக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? கம்பங்கதிர் கொடுப்பதானால் கையில் எடுத்துப் பாருங்கள், பிசுபிசுவென்று தேன் மாதிரி ஒழுகியிருந்தாலோ மணிக்குப் பதில் கருப்பாகக் கெட்டியாக ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தாலோ அது தேன் ஒழுகல் நோய் வந்த கதிர், நஞ்சு.

புல்லை நறுக்கிக் கொடுப்பவர்கள் விரல் நீளத்துக்கு நறுக்குங்கள், நீள நார் தொண்டைப் பையில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. கொஞ்சம் புல்லைத் தண்ணீரில் நனைத்துக் கொத்தாகத் தொங்கவிட்டால் சில பறவைகள் தின்பதை விட்டுவிட்டு அதில் உரசி உரசிக் குளிக்கும், அதுவும் நல்லதுதான்.

புதுப் பொருளைக் கண்டால் காக்டெய்ல் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு மூலையில் ஒண்டும். அதைப் பார்த்துவிட்டு "என் பறவைக்குப் புல் பிடிக்கவில்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம். தட்டை முதலில் கூண்டுக்கு வெளியே தூரத்தில் வையுங்கள், நாளுக்கு நாள் நெருக்குங்கள், நடுவில் நீங்களே விரலால் தட்டில் டொக் டொக்கென்று கொத்துகிற மாதிரி தட்டுங்கள். கூட்டத்தில் ஒன்று தின்றால் மற்றதும் தின்னும் பறவை, உங்கள் விரலையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அதுவரை வழக்கமான கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள், பட்டினி போட்டுப் பழக்குவது சின்னப் பறவைக்கு ஆபத்து. சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை பறவையை எடை போட்டுப் பாருங்கள்.

புல் தின்ற நாளில் எச்சம் கொஞ்சம் பச்சையாக, தண்ணீராக வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். வாந்தி எடுத்தாலோ, இறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ தட்டை எடுத்துவிட்டு உடனே பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பெண் பறவை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். காட்டில் மழை பெய்து புல் விளைந்தால்தான் இவை முட்டையிட ஆரம்பிக்கும், அதனால் உங்கள் பச்சைத் தட்டும் "காலம் வந்துவிட்டது" என்று அதற்குச் சொல்லலாம். ஜோடி இல்லாமலே முட்டையிடும், அடுத்தடுத்து இட்டுக்கொண்டே போனால் உடம்பில் சுண்ணாம்புச் சத்து வற்றி முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆழமான பெட்டியில் புல் வைக்காதீர்கள், தட்டையான தட்டுதான், வெளிச்சமான இடத்தில். தட்டின் நடுவே போய் அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு உங்களைப் பார்த்துச் சீறினால் சில வாரங்களுக்குப் புல்லை நிறுத்திவிட்டு, இரவில் 12 மணி நேரமாவது இருட்டு கொடுங்கள். பொழுதுபோக்குக்கு அதுவரை வெள்ளைக் காகிதத்தைக் கசக்கி உள்ளே நாலு கம்பு மணியை வைத்துக் கொடுக்கலாம். அதையும் கிழித்துக் கூடு கட்டப் பார்த்தால் காகிதத்தையும் எடுத்துவிடுங்கள்.